ஓடும் நிரலும் எழுதும் மேசையும்

திருச்சிராப்பள்ளியில் தில்லைநகரின் குறுக்குத் தெருக்களிலும் கன்டோன்மென்ட் பகுதியின் மாடியறைகளிலும் நாலைந்து பேரோ பத்துப் பன்னிரண்டு பேரோ சேர்ந்து நடத்தும் மென்பொருள் நிலையங்கள் பல இருக்கின்றன. பெரிய கடைவீதியின் ஜவுளிக்கடைக்குப் பில் போடுவது, காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரிக்குக் கணக்கு வைப்பது, ஸ்ரீரங்கத்துத் தங்கும் விடுதிக்கு அறைப் பதிவு செய்வது, மருத்துவமனைக்கு நோயாளியின் சீட்டு எழுதுவது ஆகிய காரியங்களுக்கான நிரல்கள் இத்தகைய இடங்களிலேதான் பிறக்கின்றன. பிறந்த நிரல் வாடிக்கையாளரின் இடத்தில் போய் ஓடுகிறது; ஓடும்போது ஏதேனும் ஒரு பிசகு தலைகாட்டுகிறது; உடனே தொலைபேசி ஒலிக்கிறது. "எனிடெஸ்க் ஆன் பண்ணி அந்த நம்பரைச் சொல்லுங்க சார், நான் உள்ள வந்து பார்க்கிறேன்" என்று இங்கிருந்து பதில் போகிறது. அடுத்த சில நிமிடங்களில், காவிரிக்கு இக்கரையில் அமர்ந்திருக்கும் இளைஞரின் கை அக்கரையில் இருக்கும் கணினிக்குள் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பிசகு தீர்கிறது, வாடிக்கையாளர் மகிழ்கிறார், என்ன மாற்றப்பட்டது என்பது அந்த இளைஞரின் ஞாபகத்தில் மாத்திரம் தங்குகிறது.

இது திருச்சிக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. நிரல் எழுதும் சூழலை, அந்நிரல் மெய்யாகவே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்போடு நேரே இணைத்துவிடும் இம்முறைக்கு உலகெங்கும் பல உருவங்கள் உண்டு. வாடிக்கையாளரின் திரையைத் தொலைவிலிருந்து கையாளுவது ஓர் உருவம். எங்கோ இருக்கும் சர்வரின் கோப்புகளைத் தன் மேசையில் உள்ள விஷுவல் ஸ்டூடியோ கோடில் திறந்து, தன் சொந்தக் கணினியில் இருப்பவை போலவே திருத்துவது மற்றோர் உருவம். ஓடும் நிரலோடு பிழைகாணும் கருவியை ஒட்டவைத்து அதன் மாறிகள் கணத்துக்குக் கணம் என்ன மதிப்பை ஏற்கின்றன என்று நோக்குவது இன்னோர் உருவம். உண்மைத் தரவு குடியிருக்கும் டேட்டாபேஸில் நேரே கட்டளையிட்டு மாற்றுவது, எல்லாவற்றிலும் எளியதும் எல்லாவற்றிலும் அபாயமானதுமான உருவம். பெரிய நிறுவனங்களில் பழகியவர்கள் இவை அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஒழுங்கறியாதவர் செய்கை என்று ஒதுக்குகிறார்கள். சிறு நிலையங்களில் உழைப்பவர்களோ, இதை விட்டால் வாடிக்கையாளரைக் காப்பாற்ற வழியில்லை என்று சாதிக்கிறார்கள். இரு சாராரும் இணைப்பைப் பிரிக்க முடியாத ஒரே பொருளாகக் கருதிவிட்டமையே இந்த வழக்கு முடிவின்றி நீள்வதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். ஓடும் அமைப்பைக் காணும் உரிமை ஒன்று. அதை மாற்றும் உரிமை வேறொன்று. இவ்வழக்கத்தின் நன்மைகள் ஏறக்குறைய முழுவதும் முதலாவதிலிருந்து பிறக்கின்றன. தீமைகள் ஏறக்குறைய முழுவதும் இரண்டாவதிலிருந்து பிறக்கின்றன. இரண்டையும் ஒரே கடவுச்சொல்லில் அடக்கிக் கொடுத்துவிடுவதுதான் நாம் செய்துவரும் பெரும் பிழை.

நன்மையை முதலில் நியாயமாக எடைபோட வேண்டும். ஏனெனில் இதைக் கண்டிப்பவர்களிற் பலர் அந்நன்மையை அனுபவித்தறியாமலே கண்டிக்கிறார்கள். ராமாநுஜருடைய தரிசனம் அறிவுக்கு வாயிலாகப் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்னும் மூன்று பிரமாணங்களை ஏற்றுக்கொண்டது என்பது ஸ்ரீரங்கத்தில் பலரும் கேட்டறிந்த விஷயம். ஒரு பிழையைப் பற்றி நிரலாளருக்குச் செய்தி வரும் வழிகளும் இம்மூன்றுக்கு உட்பட்டவையே. வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்லும் சொல் நேர்மையானதுதான். ஆயினும் "சிஸ்டம் ஹேங் ஆகுது" என்பதற்கு மேல் அது பெரும்பாலும் போவதில்லை. தன் மேசையில் உள்ள மாதிரி அமைப்பை வைத்து ஊகிப்பதோ, அந்த மாதிரி எவ்வளவுக்கு அசலை ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்கே பயன்தரும். அது ஒத்திருப்பதும் அரிது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஒரு ஜவுளிக்கடையின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்னும் குறியேற்றங்களைத் தரமாக அறிவித்து, 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் ஏற்றுக்கொண்ட காலத்துக்குள், கடைகளில் பாமினி முதலிய எழுத்துருக்கள் தம் போக்கில் புழங்கின. ஆகவே ஒரே பட்டியலில் ஒரு பெயர் ஒரு குறியேற்றத்திலும் அடுத்த பெயர் வேறொன்றிலும் இருக்கக் காண்கிறோம். மின்சாரம் நின்றபோது பாதியில் அறுந்த பில்களும், நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் பதிந்த தேதிகளும் அதே பட்டியலோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நிலையத்தின் மாதிரி அமைப்பில் இருப்பவையோ "டெஸ்ட் 1", "டெஸ்ட் 2" என்னும் சுத்தமான பெயர்கள். அந்தச் சுத்தத்தில் பிழை தோன்றுவதற்கே இடமில்லை. அசலைப் பிரத்தியட்சமாகக் காண்பதற்கு ஈடான வழி வேறெதுவும் இல்லாமற்போகும் சந்தர்ப்பங்கள் இத்தொழிலில் மிகப்பல என்பதை ஒப்புக்கொள்ளாத எந்த ஒழுங்குமுறையும் நடைமுறையில் நிலைக்காது.

இந்த இணைப்பு வறுமையின் விளைவாக மாத்திரம் தோன்றியதுமன்று. கணினியியலின் மிகச் சிறந்த சிந்தனையாளர் சிலர் இதையே லட்சியமாகக் கொண்டிருந்தார்கள். கலிபோர்னியாவில் ஸீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஸ்மால்டாக் மொழியில், எழுதும் சூழலும் ஓடும் நிரலும் வேறுவேறானவையே அல்ல. 1979-இல் அங்கு வந்து பார்த்த ஸ்டீவ் ஜாப்ஸ், திரையில் எழுத்துகள் வரிவரியாகத் தாவி நகர்வது பற்றிக் குறை சொன்னபோது, டான் இங்கால்ஸ் அமைப்பை நிறுத்தாமலே அந்த இடத்திலேயே திருத்தி, எழுத்துகள் வழுக்கிக்கொண்டு நகரும்படி செய்துகாட்டினார். லிஸ்ப் மொழியின் சம்பிரதாயமும் இதுவே. 1999 மே மாதத்தில் நாஸாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில், பூமியிலிருந்து கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், ரிமோட் ஏஜென்ட் என்னும் லிஸ்ப் நிரல் கலத்தைத் தானே நடத்திப் பார்க்கும் சோதனையில் ஈடுபட்டிருந்தது. பூமியில் எத்தனையோ முறை பரிசோதித்தும் வெளிப்படாத ஒரு பிழை, ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் இரண்டு காரியங்களுக்கிடையே தோன்றிய காலப்பிசகு, அங்கே போய் வெளிப்பட்டது. ஓடும் நிரலோடு பேசுவதற்கு லிஸ்ப் தரும் வாயில் கலத்திலேயே திறந்திருந்தமையால்தான் அதைக் கண்டறிய முடிந்தது என்று அக்குழுவைச் சேர்ந்தவர் பின்னர் எழுதினார். ஒரு சொல் போய்ச் சேரவே நிமிடக்கணக்கில் ஆகும் தொலைவில் இது நடந்தது.

ஆயினும் என் மனத்தில் அதைவிட ஆழமாகப் பதிந்தது இரண்டு ஆண்டுகள் முந்திய மற்றொரு நிகழ்ச்சி. 1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம், சில நாட்களில் காரணம் தெரியாமல் தன்னைத்தானே நிறுத்தித் திரும்பத் தொடங்கும் நோய்க்கு உள்ளாயிற்று. கலத்துள் வானிலைத் தரவு திரட்டும் தாழ்ந்த தகுதியுள்ள ஒரு காரியம், எல்லோருக்கும் பொதுவான ஒரு வளத்தைப் பூட்டிக்கொண்டு வேலை செய்யும். அந்தப் பூட்டுக்காக உயர்ந்த தகுதியுள்ள காரியம் காத்து நிற்கும். அந்நேரம் பார்த்து நடுத்தகுதியுள்ள காரியங்கள் உள்ளே புகுந்து, பூட்டை வைத்திருந்த எளியவனை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். உயர்ந்த காரியம் உரிய நேரத்தில் முடியவில்லை என்று கண்ட காவல் ஏற்பாடு, அமைப்பு முழுவதையும் நிறுத்தித் திரும்பத் தொடங்கச் செய்யும். ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தார் பரிசோதனைக்கூடத்தில் பயன்படுத்திய பிழைகாணும் ஏற்பாடுகளைக் கலத்திலிருந்து நீக்காமலே அனுப்பியிருந்தார்கள். சோதித்தது எதுவோ அதையே பறக்கவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதனால் பூமியில் இருந்த இரட்டைக் கணினியில் அதே நோயை வரவழைத்து, அதன் தடத்தைக் கண்ணால் பார்த்து, ஒரு பூட்டின் அமைப்பில் ஒரேயொரு குறியை மாற்றினால் போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தக் குறியை மாற்றுவதற்குக் கலத்தில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் அமைப்பில் ஒரு கட்டளை வாயில் இருந்தது. அதன் வழியாக ஒரு வரி தட்டினால் காரியம் முடிந்திருக்கும். அவர்கள் அதைத் தொடவில்லை. பூமியில் உள்ள பிரதிக்கும் கலத்தில் உள்ள பிரதிக்கும் உள்ள வேற்றுமையை மாத்திரம் தனியாக எடுத்து, பல சரிபார்ப்புகளுக்கு உட்படுத்தி, கலத்திலேயே அதற்கென்று எழுதி வைத்திருந்த நிரலின் மூலம் ஏற்றினார்கள்.

காண்பதற்கு வேண்டிய ஏற்பாடுகளை அவர்கள் தாராளமாக விட்டுவைத்திருந்தார்கள்; மாற்றுவதற்குத் திறந்திருந்த வாயிலையோ கையெட்டும் தூரத்தில் இருந்தும் தொடாமல் விலகிப்போனார்கள். மென்பொருள் நெறியைப் பற்றி நான் படித்தவற்றுள் இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

அந்த வாயிலுக்குள் தயங்காமல் நுழைந்தவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கும் சான்றுகள் குறைவில்லை. 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரவு நெடுநேரம் உழைத்துக் களைத்த நிலையில், துணைச் சர்வரின் பழைய தரவை அழிப்பதாக எண்ணிக்கொண்டு முதன்மைச் சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். இரண்டு சர்வர்களுக்கும் இரண்டு ஜன்னல்கள். இரண்டும் ஒரே கறுப்புத் திரை. பெயரில் ஓர் எண்தான் வேற்றுமை. தவறு தெரிந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட் தரவில் 4.5 மாத்திரம் மிஞ்சியது. காப்புப் பிரதி எடுக்கும் ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயனற்றுப் போயிருந்தமை அப்போதுதான் தெரியவந்தது. கடைசியில் கைகொடுத்தது எது என்பது கவனிக்கத்தக்கது. சோதனைச் சூழலுக்கு அசல் தரவைக் கொண்டுபோவதற்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒரு பொறியாளர் தற்செயலாக எடுத்துவைத்த நகல் அது. ஓடும் அமைப்பைத் தொட்ட கை கெடுத்ததை, பரிசோதனைக்கென்று வேறாக வைத்த பிரதி பெருமளவுக்குக் காப்பாற்றியது. அந்நிறுவனத்தார் இதை மறைக்காமல் முழு விவரத்தையும் வெளியிட்டது பாராட்டுக்குரியது.

நைட் கேப்பிடல் என்னும் அமெரிக்கப் பங்குவணிக நிறுவனத்தின் கதை இன்னும் கொடியது. 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, எட்டுச் சர்வர்களில் ஏழில் மாத்திரம் புதிய நிரல் ஏற்றப்பட்டு ஒன்று விடுபட்டுப் போக, விடுபட்டதில் வருஷக்கணக்காக உறங்கிக் கிடந்த பழைய நிரற்பகுதி விழித்துக்கொண்டு, வரம்பின்றிப் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. 45 நிமிடங்களில் 44 கோடி டாலர் போயிற்று. அந்த 45 நிமிடங்களுக்குள் பொறியாளர்கள் செய்த காரியத்தைத்தான் நான் இங்கே முக்கியமாகச் சுட்ட விரும்புகிறேன்: எங்கே நோய் என்று காண முடியாத பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள், ஒரு சர்வரில் இருந்த நோய் எட்டுக்கும் பரவியது. மாற்றும் உரிமை அவர்களிடம் நிறைவாக இருந்தது. காணும் சாதனம்தான் இல்லை.

நம் ஊருக்குத் திரும்பினால், இங்கே இழப்பு இவ்வளவு ஆரவாரமாக வெளிப்படுவதில்லை; மௌனமாக நிகழ்கிறது. ஒரு கடையின் இருப்புக் கணக்கு ஒத்துவரவில்லை என்று புகார் வந்தால், நிரலில் காரணம் தேடி நாளைச் செலவிடுவதற்குப் பதிலாக, டேட்டாபேஸுக்குள் சென்று அந்த எண்ணையே சரியாக மாற்றிவிடுவது பலர் கைக்கொள்ளும் குறுக்குவழி. நோயின் வேர் அப்படியே இருக்க, அதன் சுவடு மாத்திரம் துடைக்கப்படுகிறது. சட்டமும் இப்போது இதில் தலையிடுகிறது. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு மாற்றத்தையும் அது செய்யப்பட்ட தேதியோடு பதிந்துவைக்கும் எடிட் லாக் உடையதாகவும், அப்பதிவை யாரும் நிறுத்த முடியாததாகவும் இருக்க வேண்டும் என்னும் விதி 2023 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. டாலி போன்ற மென்பொருள்கள் அதற்கேற்ப மாறிவிட்டன. ஆனால் மென்பொருளின் முன்வாசல் வழியாக வரும் மாற்றத்தைத்தான் அந்த லாக் பதியும். பின்வாசலாகிய டேட்டாபேஸில் நேரே கைவைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் இந்த விதி வந்த பிறகு, டேட்டாபேஸ் மட்டத்தில் நேரடியாகச் செய்யப்படும் மாற்றங்களுக்குப் பதிவு வசதி இல்லை என்னும் குறிப்பு, பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவற்றின் தணிக்கை அறிக்கைகளிலேகூட இடம்பெறுகிறது. தனியொருவர் நடத்தும் பெரிய கடைவீதிக் கடைக்கு அந்த விதி பொருந்தாது என்பது உண்மை. விதி பொருந்தாத இடத்தில் நாணயத்தின் பொறுப்பு அதிகமே தவிரக் குறைவன்று.

காணும் உரிமையும் முற்றிலும் குற்றமற்றது என்று சொல்லிவிட நான் துணியவில்லை. மருத்துவமனையின் ஓடும் அமைப்பைத் திறந்து பார்க்கும் இளைஞரின் கண்முன் நோயாளிகளின் பெயரும் நோயும் தொலைபேசி எண்ணும் வரிசையாக நிற்கின்றன. அந்நோயாளிகள் அவருக்கு அனுமதி கொடுத்தவர்கள் அல்லர். 2023-இல் இயற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய பார்வையையும் பொறுப்புக்கு உட்படுத்துகிறது. ஆனால் இது தீர்க்கக்கூடிய குறை: பெயரையும் எண்ணையும் மறைத்துக் காட்டும் ஏற்பாடு கடினமானதன்று, யார் எப்போது பார்த்தார் என்று பதிவதும் அரிதன்று.

இனி எதிர்த்தரப்பின் பக்கம் வருகிறேன். எழுதுபவர் ஓடும் அமைப்பின் அருகிலேயே வரக்கூடாது என்று சுவர் எழுப்பி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் முறை, தூரத்திலிருந்து பார்ப்பதற்கு மிக ஒழுங்காகத் தோன்றுகிறது. வெளிநாட்டு வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ இவ்வூரிலிருந்து நிரல் எழுதுபவர், தான் எழுதியது ஓடும் இடத்தை ஒருநாளும் கண்டதில்லை. பிழை நேர்ந்தால், நிரலின் ஓட்டப் பதிவாகிய லாகிலிருந்து ஒரு துண்டு வேண்டுமென்று விண்ணப்பம் எழுதுகிறார். அது ஒருவர் மாற்றி ஒருவரிடம் போய், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, அவர் கேட்காத வேறொரு துண்டாகத் திரும்பி வருகிறது. மாற்றத்துக்கு அனுமதி தரும் குழு வாரத்துக்கு ஒருமுறை கூடுகிறது. அதில் அமர்ந்திருப்பவர்கள் நிரலைப் படிப்பதில்லை, படிவத்தைப் படிக்கிறார்கள். இதன் விளைவாக இரண்டு கேடுகள் நேர்கின்றன. அவசரம் வந்தால் எல்லாச் சடங்குகளையும் தாண்டிச் செல்வதற்கென்று ஒரு ரகசியக் கடவுச்சொல் அங்கும் தோன்றிவிடுகிறது. அது தில்லைநகர் முறையேதான். இரண்டாவது கேடு ஆழமானது: தன் நிரல் மெய்யான மனிதர்கள் கையில் என்ன பாடுபடுகிறது என்று பாராமலே பத்து வருஷம் உழைத்தவர், பத்து வருஷ அனுபவம் பெற்றவர் ஆவதில்லை. தான் சமைத்ததைப் பிறர் உண்ணக் காணாத கையில் பக்குவம் எங்கிருந்து வரும்?

நின்றுவிடக்கூடாத ஒன்றைச் செப்பனிடுவது எப்படி என்னும் பிரச்சினை கணினியோடு பிறந்ததன்று. ஸ்ரீரங்கம் கோயிலில் திருப்பணி முடிந்து 2015 நவம்பரில் சம்ப்ரோக்ஷணம் என்னும் குடமுழுக்கு நடந்தது. அத்தகைய திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வது ஆகம மரபு: சந்நிதியின் சாந்நித்தியத்தை விதிப்படி வேறோர் இடத்தில் ஆவாகனம் செய்து, வழிபாடு அங்கே இடையறாது நடக்கும்படி வைத்துவிட்டு, பிறகுதான் கொத்தரும் சிற்பியரும் உளியை எடுக்கிறார்கள், வேலை முடிந்து சுத்தி செய்த பிறகு சாந்நித்தியம் மூலஸ்தானத்துக்குத் திரும்புகிறது. இன்றைய மென்பொருள் உலகில், இரண்டு முழு அமைப்புகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் மக்கள் புழங்கும்போது மற்றொன்றைத் திருத்தி, தயாரானதும் போக்குவரத்தைத் திருப்பிவிடும் முறை இதே நியாயத்தைப் பின்பற்றுவது. ஸ்வீடன் நாட்டு எரிக்ஸன் நிறுவனத்தில் 1980-களில் தொலைபேசி நிலையங்களுக்காக உருவாக்கப்பட்ட எர்லாங் மொழி ஒரு படி மேலே செல்கிறது. ஒரே நிரற்பகுதியின் பழைய பிரதியும் புதிய பிரதியும் நினைவகத்தில் ஒருங்கே வாழ அது இடந்தருகிறது; பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பு பழையதிலேயே முடியும், புதிதாக வருவது புதியதில் தொடங்கும்; மூன்றாவது பிரதி வந்தால் முதலாவதைப் பற்றிக்கொண்டிருக்கும் காரியங்கள் நிறுத்தப்படும். ஓடும் அமைப்பில் கைவைப்பதை எர்லாங் தடுக்கவில்லை. அதற்கு உரிய விதியை மொழிக்குள்ளேயே வைத்துவிட்டது. அத்தகைய விதியில்லாத மொழிகளில் எழுதிவிட்டு, எர்லாங்காரர் செய்கிறாரே என்று நாமும் ஓடும் கோப்பைத் திருத்துவது பொருந்தாது.

ரயில்வேயின் அனுபவமும் இங்கே நினைக்கத்தக்கது. இன்ஜினை ஓட்டத்திலிருந்து விலக்கிப் பொன்மலைப் பணிமனைக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்க்கலாம். தண்டவாளத்தையும் சிக்னலையும் அப்படிக் கொண்டுவர இயலாது. ஆகவே சிக்னல் ஊழியர் ஒரு கருவியைத் தொடுவதற்கு முன் டி/351 என்னும் இணைப்பு நீக்கப் படிவத்தை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்து, அவர் கையொப்பம் பெற்ற பின்னரே வேலை தொடங்க வேண்டும். முடிந்ததும் சோதித்துப் பார்த்து மறு இணைப்புக்கும் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவில் பாலசோர் அருகே பாஹாநாகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்பாதைக்கான பச்சை விளக்கு எரிந்தது. பாதையோ கிளைத் தண்டவாளத்துக்குத் திரும்பியிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்பு ஒரு காலத்தில் சிக்னல் சுற்றில் செய்யப்பட்ட மாற்றத்தின் குறையும், அன்று லெவல் கிராசிங் தடுப்புக்காகச் செய்யப்பட்ட வேலையின் குறையும் சேர்ந்தே இதற்குக் காரணமாயின என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. படிவம் இருந்தது. கம்பிகளின் உண்மை நிலைதான் வரைபடத்தோடு ஒத்திருக்கவில்லை. மாற்றத்துக்குக் காவல் வைத்தவர்கள் பார்வைக்கு வழி செய்யாவிட்டால் அந்தக் காவலும் கண்மூடிய காவலே என்பதை இதைவிடத் துயரமாக எந்தச் சான்றும் சொல்லப்போவதில்லை.

இவ்விரண்டையும் பிரித்து வைத்த அமைப்பொன்று நம் அருகிலேயே இருக்கிறது. துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் என்னும் மீக்கணினி 838 டெராஃப்ளாப் வேகமுடையது. இத்தகைய மீக்கணினிகளில் ஆராய்ச்சி மாணவர் நுழைவு முனையில் அமர்ந்து நிரலை எழுதித் தொகுத்து, வேலையை வரிசையில் ஒப்படைக்கிறார். கணிக்கும் முனைகளை அந்த வரிசையே நடத்துகிறது. தம் வேலை எங்கே நிற்கிறது, எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று அவர் எந்நேரமும் காணலாம். பிறர் வேலை ஓடும் முனையில் புகுந்து தம் விருப்பம்போல் எதையும் மாற்ற முடியாது. இதற்கு மாணவர் யாரும் மனம் வருந்துவதாக நான் கேட்டதில்லை.

பார்வையையும் மாற்றத்தையும் பிரிக்க வேண்டிய அவசியம் இப்போது முன்னிலும் பெருகியிருக்கிறது. ஏனெனில் எழுதும் மேசையில் மனிதரோடு செயற்கை நுண்ணறிவு முகவர்களும் வந்து அமர்ந்துவிட்டன. 2025 ஜூலையில் ரெப்லிட் என்னும் தளத்தில் அத்தகைய முகவர் ஒன்று, மாற்றம் எதுவும் செய்யாதே என்று சொல்லப்பட்டிருந்தும், ஒரு பயனரின் உண்மைத் தரவுத்தளத்தை அழித்தது. அழித்ததை மீட்க முடியாது என்றும் சொன்னது, அது பொய்யாயிற்று. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எழுதும் சூழலின் தரவையும் ஓடும் அமைப்பின் தரவையும் பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். "தொடாதே" என்னும் வாய்மொழி உத்தரவு, திறந்த கதவின் முன்னே எத்தனை பலவீனமானது என்பது அங்கே நிரூபணமாயிற்று. முகவருக்கு ஓடும் அமைப்பின் லாகைப் படிக்கக் கொடுப்பதில் பெரும் நன்மை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். சலிப்பில்லாமல் ஆயிரம் பக்கம் படிக்கும் கண் அது. எழுதும் உரிமையைக் கொடுப்பதற்கு மாத்திரம் இப்போதைக்கு நியாயம் காணவில்லை.

இவையெல்லாம் பணம் படைத்தவர்களுக்கான உபதேசம் என்று சிறு நிலையத்தார் சொல்லக்கூடும். அவர்கள் நிலைமையை உணர்ந்தே சொல்கிறேன்: ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் பராமரிப்புத் தொகை தரும் கடைக்கு இரண்டாவது சர்வர் வாங்கச் சொல்வது நடவாத காரியம். ஆனால் மையெஸ்கியூஎல் ஆனாலும் போஸ்ட்கிரெஸ் ஆனாலும், படிக்க மாத்திரம் அனுமதியுள்ள ஒரு பயனரை உண்டாக்க இரண்டு மூன்று கட்டளைகள் போதும், அதற்குக் காசில்லை. நாள்தோறும் பார்க்க வேண்டியதை அந்தப் பயனராகப் பார்த்துவிட்டு, மாற்ற வேண்டிய அன்று மாத்திரம், கடைக்காரருக்குச் சொல்லி, நகல் எடுத்துக்கொண்டு, வேறு கடவுச்சொல்லால் நுழைந்து, செய்ததை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவைப்பது எந்த ஏழை நிலையத்துக்கும் இயலும். மார்கழியில் பகல்பத்தும் இராப்பத்தும் நடக்கும் நாட்களில், ஸ்ரீரங்கத்து விடுதிகளின் பதிவு நிரலில் எந்தத் திருத்தமும் செய்வதில்லை என்று ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்வதும் அப்படியே; வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலையில் அறைக்காக வாசலில் குடும்பத்தோடு நிற்பவரிடம் சாஃப்ட்வேர் அப்டேட் என்று எந்த மேலாளர் காரணம் சொல்ல முடியும்?

கல்லூரிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செயின்ட் ஜோசப், ஜமால் முகமது, பிஷப் ஹீபர் என்று புகழ்பெற்ற கல்லூரிகள் நிறைந்த ஊர் இது. ஆண்டுதோறும் இவ்வூரிலிருந்து கணினி படித்து வெளிவரும் மாணவர் கூட்டம் பெரிது. இறுதியாண்டுத் திட்டப்பணி என்று மாணவர் எழுதும் நிரல் பொதுவாக வாய்மொழித் தேர்வு நாள் வரையில்தான் உயிர்வாழ்கிறது. தேர்வாளர் முன் ஒரு மடிக்கணினியில் ஒருமுறை ஓடிவிட்டால் அதன் கதை முடிந்தது. ஓடும் அமைப்பைப் பேணுவது என்னும் பாதித் தொழிலை அவர்கள் கண்டதே இல்லை. விடுதி மெஸ்ஸின் கணக்கையோ நூலகத்தின் இரவல் பதிவையோ ஒரு கல்வியாண்டு முழுவதும் நடத்திக்காட்டும் பொறுப்பை இரண்டாம் ஆண்டு மாணவர் குழுவிடம் ஒப்படைத்து, எழுதிய குழு வேறாகவும் மாற்றத்தை ஏற்றும் குழு வேறாகவும் வைத்து, வாரந்தோறும் லாகையும் மாற்றக் குறிப்பேட்டையும் ஆசிரியர் கேட்டு வாங்கிப் படித்து மதிப்பெண் தருவாரானால், பாடத்திட்டத்தில் புதிதாக எதையும் சேர்க்காமலே இதைக் கற்பித்துவிடலாம். அடுத்த ஜூனிலேயே ஏதேனும் ஒரு துறை தொடங்கிப் பார்க்கலாம்.